கருப்பைவாய்ப் புற்று நோயும் எம் ஊர்ப் பெண்டிரும்

இவ்வாண்டுக் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு கட்டுரை வரைந்து தருக என்றும், அஃது எம் ஊராகிய குளத்தூரைச் சார்ந்திருப்பின் நன்று என்றும் மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டனர். குளத்தூர் என்றவுடன் தூத்துக்குடிப் பக்கத்துக் குளத்தூரை நினைப்பாரும் உளர். எம் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தது. வானம் பார்த்த செம்மண் நிலத்தது. பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானம் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என மூன்று தாலுக்காக்களாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பதைச் சரித்திர மாணவர் அறிவர். நார்த்தாமலைக் கோயில்களைப் பற்றியோ ஆவூர்த் தேவாலயத்தைப் பற்றியோ யாம் எழுதுவோம் எனக் குழுவினர் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். யாம் எழுதப் புகுவது எம் ஊர்ப் பெண்டிரை வருத்தும் ஒரு நோயைப் பற்றி. கற்றோர் அவையில் எடுத்துரைக்கத் தகாத பொருள் இஃதென முகஞ் சுளிப்பார் எவரேனும் இருப்பின், அச்சுளிப்பே இந்நோய்க்குப் பெருந்துணையாய் நிற்கின்றது என்பதை இக்கட்டுரையின் முடிவுக்குள் அவர்க்குக் காட்டுவோம்.

எம் சிறிய தாயார் ஒருவர் குளத்தூரிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, நான்கு மக்களைப் பெற்றவர். வயல் வேலையும் கட்டடத்துச் சித்தாள் வேலையும் செய்து குடும்பத்தைத் தாங்கியவர். ஐம்பதை அணுகும் வயதில் அவர்க்கு மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரப்போக்குக் கண்டது. எவரிடமும் சொல்லவில்லை. இடுப்பு வலி என்று ஒரு மருத்துவ நிலையத்துக்கு மும்முறை சென்றார். மும்முறையும் வலிக்கு மாத்திரை பெற்றுத் திரும்பினார். உடுத்திய புடவையின்மேலேயே கைவைத்துப் பார்த்தார்களேயன்றி, உள்ளே நோக்க எவரும் முற்படவில்லை. நோக்குமாறு அவரும் கேட்கவில்லை. ஒரு திருவிழாவிற்கு யாம் ஊர் சென்றிருந்தபோது, எம் மனைவியாரிடம் அடுக்களையில் மெல்லச் சொன்னாராம்: "ஆறு மாசமா இப்படித்தான் இருக்கு. யாருகிட்டப் போயி சொல்லச் சொல்றே? உங்க சித்தப்பாகிட்டயா, பெத்த புள்ளைககிட்டயா?" அதன்பின் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். நோய் கருப்பைவாயைக் கடந்து பக்கச் சதைகளிலும் பரவியிருந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று ஓராண்டும் சில திங்களும் இருந்தார். அவர் மறைந்த பின்னரே, அந்நோய் தடுக்கக்கூடியதாயிருந்தது என்பதையும், தடுத்தற்குப் பல ஆண்டுகள் காலம் இருந்தது என்பதையும் நூல்களைப் பார்த்து அறிந்தோம். இக்கட்டுரை அவ்வறிவினின்றும் பிறந்தது.

நோயின் இயல்பை முதலிற் கூறுவாம். கருப்பையின் கீழ்முனை ஒடுங்கி, பிறப்புவழியினுட் சிறிதே நீண்டு நிற்கும். அதுவே கருப்பைவாய் அல்லது கருப்பைக் கழுத்து எனப்படுவது. அதன் உட்புறத்தைப் போர்த்திய தோல் ஒருவகை. வெளிப்புறத்தைப் போர்த்திய தோல் மற்றொருவகை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் உயிரணுக்கள் ஒருவகையினின்று மற்றொருவகையாக ஓயாது மாறிக்கொண்டிருக்கும். புற்று பெரும்பாலும் இவ்வெல்லையில்தான் தோன்றுகின்றது. காரணம் பாப்பிலோமா என்னும் வைரசு. ஜெர்மானிய அறிஞர் ஆரால்டு சூர் ஆவுசென் என்பார் 1983, 1984-ஆம் ஆண்டுகளில் இவ்வைரசின் 16, 18 என்னும் எண்ணுடைய இரு வகைகளை இப்புற்றிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். 2008-இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். உலகில் காணப்படும் இப்புற்றுக்களில் நூற்றுக்கு எழுபதளவு இவ்விரு வகைகளாலேயே விளைவன.

இவ்வைரசு ஆண் பெண் கூட்டத்தால் பரவுவது என்று சொன்னவுடனே, நோயுற்றாளின் ஒழுக்கத்தை ஐயுறும் நாக்குகள் சில ஊர்தோறும் உண்டு. அவர்க்கு ஒன்று சொல்வோம். மணவாழ்வு வாழும் ஆடவரும் பெண்டிருமாகிய பெரும்பான்மையோரை இவ்வைரசு வாழ்நாளில் ஒருமுறையேனும் பற்றுகின்றது. ஒரு கணவனோடு மட்டும் வாழ்ந்த பெண்ணையும் பற்றும். பற்றிய பத்துப் பேருள் ஏறத்தாழ ஒன்பது பேரிடத்து இரண்டாண்டுக்குள் உடலே அதனை வென்று நீக்கிவிடும். எஞ்சிய சிலரிடத்து மட்டும் நிலைத்துத் தங்கும். தங்கியது உடனே புற்றாகி விடுவதுமில்லை. அணுக்கள் முதலில் சிறிது திரிந்து, பின் மிகுதியும் திரிந்து, அதன்பின்னரே புற்றாகும். நல்ல உடல்வலிமை உடையாரிடத்து இதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும் என்பர். எய்ட்ஸ் நோயின் கிருமி போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றினாரிடத்து 5 முதல் 10 ஆண்டுகளே போதும். எம் சிறிய தாயார் முப்பத்தைந்து வயதில் களை பறித்துக்கொண்டிருந்த நாளிலேயே அத்திரிபு அவரிடத்து இருந்திருத்தல் வேண்டும். வலியில்லை, குருதியில்லை, அறிகுறி யாதுமில்லை. ஆயினும், பார்த்திருந்தால் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும்.

பார்க்கும் வழிகளில் முதலில் தோன்றியது கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பாப்பனிக்கோலா என்னும் மருத்துவர் கண்டது. கருப்பைவாயினின்று உதிரும் அணுக்களைக் கண்ணாடித் தட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியிற் காண்பது அம்முறை. 1928-இல் அவர் முதலிற் கூறியபோது எவரும் பொருட்படுத்தவில்லை. 1943-இல் திராவுட்டு என்பாரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூலே மருத்துவ உலகை ஏற்கச் செய்தது. அம்முறையை ஒழுங்காக மேற்கொண்ட மேனாடுகளில் இந்நோய் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் அதற்கு நுண்ணோக்கி வேண்டும். தட்டுக்களைப் படிக்கப் பயின்றோர் வேண்டும். முடிவு வரும்வரை காத்திருந்து, மீண்டும் அழைக்கும்போது வரக்கூடிய பெண்டிரும் வேண்டும். ஒரு நாட் கூலியை இழந்து பேருந்தேறி வந்தவளிடம் "பதினைந்து நாள் கழித்து வா அம்மா" என்று சொன்னால் அவள் வருவாளோ? எனவே அம்முறை ஏழை நாடுகளில் வேரூன்றவில்லை.

வேரூன்றாமையின் விளைவை உலகப் படத்தில் காணலாம். 2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 6,60,000 பெண்டிர்க்கு இந்நோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 3,50,000 பேர் மாண்டனர். மிகக் கொடிதாகத் தாக்கப்பட்டிருப்பது சகாரா பாலைவனத்துக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்கா. அங்கே எசுவாத்தினி என்னும் சிறு நாட்டில் ஓராண்டில் இலட்சம் பெண்டிருள் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் காண்கிறது. இந்தியாவில் அவ்வெண் பதினெட்டளவே. எய்ட்ஸ் கிருமி அங்கே மிகப் பரவியிருப்பதும், அக்கிருமி உடைய பெண்ணுக்கு இப்புற்று வரும் வாய்ப்பு மற்றவளினும் ஆறு மடங்கு மிகுதியாயிருப்பதும் காரணங்கள். கதிர்வீச்சுப் பொறி ஒன்றுதானும் இல்லாத நாடுகளும் அக்கண்டத்திற் பல. ஆனால் நாம் இரங்குதற்கு மட்டும் உரிய நாடுகளல்ல அவை. சாம்பியா நாட்டில் 2006 முதல் அரசு மருத்துவ நிலையங்களில் செவிலியரே இச்சோதனையைச் செய்து, ஐயத்துக்குரியதை நிழற்படமாக எடுத்து மருத்துவர்க்குக் காட்டித் தெளிந்து வந்தனர். உருவாண்டா நாடு 2011-இல், ஆப்பிரிக்காவிலேயே முதன்முறையாக, நாடு முழுவதும் சிறுமியர்க்குத் தடுப்பூசியிட்டது. பள்ளிக்கு வாராத சிறுமியரையும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் தேடிச் சென்றதனால் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பெற்றனர். உள்நாட்டுப் போரில் சிதைந்து பதினேழே ஆண்டுகளான நாடு அது. செல்வமிருந்தால்தான் இயலும் என்பார்க்கு அது விடையாகும்.

இந்தியாவில் நோய்வீதம் ஆப்பிரிக்காவினும் குறைவாயினும், மக்கட்டொகை பெரிதாகலின் மொத்த எண் மிகப் பெரிது. 2022-இல் 1,27,000-க்கு மேற்பட்டோர்க்கு நோய் கண்டது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். உலகில் இந்நோயால் இறப்பார் ஐவருள் ஒருத்திக்கு மேல் இந்தியப் பெண் என்பது இக்கணக்கால் விளங்கும். தமிழ்நாட்டின் கதை இதனிடையே சிறப்புடையது. அதன் தொடக்கத்தில் எம் புதுக்கோட்டைக்கும் ஓரிடம் உண்டு என்பதைச் சிறிது செருக்குடனேயே சொல்வோம். 1886-இல் புதுக்கோட்டையிற் பிறந்து, பெண்கள் பயிலாத மகாராசா கல்லூரியில் மன்னரின் ஆணையால் இடம்பெற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய முத்துலட்சுமி ரெட்டியாரை அறியாதார் இலர். அவருடைய தங்கையார் புற்று நோயால் மாண்டார். அத்துயரே அடையாற்றுப் புற்று நோய் மருத்துவமனைக்கு வித்தாயிற்று. 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அது தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் அங்கே பணி ஏற்ற மருத்துவர் சாந்தா அம்மையார் 2021-இல் தாம் மறையும் வரையில் அதனைவிட்டு நீங்கவில்லை. அந்நிறுவனம் 1982 முதல் சென்னை நகரின் புற்று நோயாளரைப் பதிவு செய்து வருகிறது. தொடக்க ஆண்டுகளில் பெண்டிரிடத்து முதலிடத்தில் நின்றது கருப்பைவாய்ப் புற்று; பின்னர் அது குறைந்து, மார்பகப் புற்று முந்திவிட்டது. நகரத்தில் மணவயது உயர்ந்ததும், மகப்பேறு குறைந்ததும், கல்வியும் நீர்வசதியும் பெருகியதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. சிற்றூர்களில் இக்குறைவு மிகவும் பிந்தியே வந்தது.

சிற்றூர்களின் நிலையைக் காட்டியது திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அச்சிற்றூரில் மருத்துவர் சேக்கப் செரியன் என்பார் நிறுவிய கிறித்தவத் தோழமைச் சமுதாய மருத்துவமனை, 1990-களின் நடுவில் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களின் புற்று நோயாளரைப் பதிவு செய்யத் தொடங்கிற்று. அப்பதிவேட்டில் கருப்பைவாய்ப் புற்றின் வீதம் இந்தியாவிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. இதனை உற்று நோக்கினவர், பிரான்சு நாட்டு இலியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்று நோய் ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த சங்கரநாராயணன் என்னும் மருத்துவர். அவரும், அம்பிளிக்கை மருத்துவரும், அடையாற்று நிறுவனத்தாரும் கூடி 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினைத் தொடங்கினர். நுண்ணோக்கியும் காத்திருப்பும் இன்றி, சிற்றூர்ச் செவிலியரே செய்யத்தக்க ஒரு சோதனையால் இந்நோய்ச் சாவு குறையுமா என்பது அவர்கள் எழுப்பிய வினா.

அச்சோதனைக்கு வேண்டுவது காடி. ஊறுகாய்க்கு ஊற்றும் காடியில் உள்ள அசெட்டிக் அமிலமே அது. 3 முதல் 5 விழுக்காடு கலந்த நீரைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல விளக்கொளியில் நோக்குவர். திரிந்த அணுக்களில் உட்கருவும் புரதமும் மிகுந்திருத்தலின், அமிலம் பட்டவுடன் அவ்விடம் முட்டையின் வெண்கரு இறுகினாற்போல் வெண்மையாகத் தோன்றும். நல்ல தோல் இளஞ்சிவப்பாகவே நிற்கும். அவ்வளவே. விடை அப்பொழுதே தெரிந்துவிடும். வெண்மை கண்டவளை அன்றே உருப்பெருக்கிக் கண்ணாடியால் மேலும் ஆராய்ந்து, வேண்டின் சிறு சதைத்துணுக்கு எடுத்து, திரிபு சிறிதாயின் கடுங்குளிர் வாயுவால் அவ்விடத்தை உறைவித்து அழித்து விடுவர். உறைவித்தல் சில நிமிட வேலை; மயக்க மருந்து வேண்டுவதில்லை; அன்றே வீடு திரும்பலாம். இரசாயனம் பயிலும் நம் மாணவர், தம் ஆய்வுக்கூடத்து அலமாரியில் தூசி படிந்து நிற்கும் அவ்வமிலப் புட்டியை இனி வேறு கண்ணால் நோக்குவாராக.

ஆய்வின் அமைப்பையும் கணக்கையும் சற்று விரித்துரைப்போம். கணித மாணவர்க்கும் அதில் பாடம் உண்டு. சிற்றூர்களை 114 தொகுதிகளாக்கி, திருவுளச் சீட்டுப் போல் பிரித்து, 57 தொகுதிகளில் சோதனை நடத்தினர்; மற்றை 57-இல் வழக்கமான மருத்துவமே நடந்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்டிரே கணக்கிற் கொள்ளப்பட்டனர். முதற் பகுதியில் 49,311 பேர்; அவருள் 31,343 பேர் சோதனைக்கு வந்தனர். இரண்டாம் பகுதியில் 30,958 பேர். 2006 வரை நோக்கி வந்ததில், முதற் பகுதியில் 167 பேர்க்குப் புற்று கண்டு 83 பேர் இறந்தனர். இரண்டாம் பகுதியில் 158 பேர்க்குக் கண்டு 92 பேர் இறந்தனர். 83-க்கும் 92-க்கும் பெரிய வேறுபாடு இல்லையே என மேலோட்டமாகப் பார்ப்பார் மயங்குவர். முதற் பகுதியின் மக்கட்டொகை பெரிது என்பதை மறவற்க. ஆயிரம் பேர்க்கு இத்தனை எனக் கணக்கிடின், முன்னதில் ஏறத்தாழ 1.7; பின்னதில் ஏறத்தாழ 3. வயது முதலிய வேறுபாடுகளையும் சமன் செய்து அறிஞர் கணித்தபோது, சோதனை நடந்த ஊர்களில் நோய் நூற்றுக்கு 25-உம், சாவு நூற்றுக்கு 35-உம் குறைந்திருந்தன. 30 முதல் 39 வயதுடையாரிடத்தே பயன் மிகுதி. 2007-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' என்னும் மருத்துவத் தாளில் இம்முடிவு அச்சாயிற்று. கூலி வேலைப் பெண்டிர் நிறைந்த தமிழ்ச் சிற்றூர்களில், செவிலியர் கையிலிருந்த பஞ்சும் காடியும் செய்த வேலை இது.

ஆயினும், அவ்வெண்களுள் எம்மை நெடுநேரம் நிறுத்தியவை வேறு இரண்டு. அழைக்கப்பட்ட 49,311 பேருள் ஏறத்தாழ 18,000 பேர் வரவேயில்லை. சோதனை இலவசம், நடந்ததும் தத்தம் ஊர்ப் பக்கத்திலேயே, செய்தவர்கள் பெண்கள், வீடு வீடாகச் சென்று அழைத்துமிருந்தனர். இவ்வளவு செய்தும் மூவருள் ஒருத்திக்கு மேல் வரவில்லை. மற்றொன்று: புற்றுக்கு முந்திய திரிபு கண்ட 1,874 பேருள் சிகிச்சை பெற்றவர் நூற்றுக்கு 72 பேரே. ஏனையோர், 'உனக்கு இது உளது. இன்று நீக்கிவிடலாம்' என்று சொல்லக் கேட்டும் பெறாது போயினர். ஏன்? கணவனைக் கேட்க வேண்டும். மாமியார் என்ன சொல்வாரோ. வலியில்லாத உடம்பில் நோயிருப்பதை எங்ஙனம் நம்புவது. கை வைத்தால்தான் பரவும். நாளை நாற்று நடவு. இவற்றுள் ஒவ்வொன்றையும் எம் ஊரில் எம் செவியாற் கேட்டிருக்கிறோம்.

நாணத்தால் உயிர் போதல் இந்நாட்டில் புதிதன்று. ஐடா இசுக்கடர் அம்மையார் இளமையில் திண்டிவனத்தில் தம் தந்தையார் இல்லத்தில் இருந்தபோது, ஓரிரவில் ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து, பேறுகாலத்தில் துன்புறும் தம் மனைவியரைக் காப்பாற்ற அம்மையாரையே அழைத்த வரலாறு நம் கல்லூரியில் பலர் கேட்டதே. அம்மையார் அப்போது மருத்துவம் பயிலாதவர். மருத்துவராகிய அவர் தந்தையாரோ ஆண்மகன் என்பதனால், அவரை உள்ளே விட மூவரும் மறுத்தனர். மூன்று பெண்டிரும் விடிவதற்குள் இறந்தனர். அவ்விரவின் பயனாக வேலூர் மருத்துவமனையும், 1918-இல் பெண்டிர்க்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. இன்று பெண் மருத்துவர் பல்லாயிரவர் உளர். ஆனால் அன்று வாயிலில் நின்ற நாணம் இன்று பெண்ணின் உள்ளத்துள்ளேயே இருக்கை கொண்டுவிட்டது. பெண் மருத்துவரிடமும் சொல்லாத நோயை எவரிடம் சொல்வது? எம் சிறிய தாயாரைப் பார்த்தவருள் ஒருவர் பெண் மருத்துவரே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மருத்துவரும் நாணுகின்றனர், அல்லது அவசரப்படுகின்றனர். கதவடைத்த ஓரறையும், படுக்கையின்மேல் ஒரு திரையும், ஐந்து நிமிடப் பொறுமையும் இருந்திருந்தால் வேறொன்று நடந்திருக்கும்.

இவ்வாய்வின்மீது ஒரு குற்றச்சாட்டும் உண்டு. அதனைக் கூறாது விடுதல் முறையன்று. சோதனை செய்யாத ஊர்களில் 92 பெண்டிர் இறக்கும்வரை கணக்கெழுதிக்கொண்டிருப்பது அறமாகுமா என்று வெளிநாட்டறிஞர் சிலர் வினவினர். அக்காலத்தில் இந்நாட்டுச் சிற்றூர்களில் எவ்வகைச் சோதனையும் வழக்கில் இல்லை. ஆதலின் எவர்க்கும் இருந்ததைப் பறித்திலோம் என்பது ஆய்வினரின் விடை. இரு பக்கத்தும் கற்றோர் நிற்கின்றனர். எம் கருத்தை வினவின், அவ்வினா நியாயமானதே. ஆயினும் முடிவு தெரிந்தபின் பதினெட்டாண்டுக்கு மேலாகியும் இந்தியாவின் பெரும்பகுதியில் பெண்டிர் சோதிக்கப்படாதிருப்பதைப் பற்றி அதே அறச்சீற்றத்தோடு வினவுவாரை மிகுதியாகக் காணோம்.

ஏனெனில், 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்டிருள் இச்சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர் நூற்றுக்கு இருவர்க்கும் குறைவு. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்தளவு. நாட்டில் முதன்மையாக நிற்கும் நிலையே இது! தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முதலில் ஒத்திகை பார்த்துப் பின் மாநிலம் முழுதும் விரித்த திட்டத்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்டிர்க்கு இக்காடிச் சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. வாய்ப்பு உளது, வருவார் குறைவு. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த குறிக்கோளின்படி, 2030-க்குள் பெண்டிருள் நூற்றுக்கு எழுபதின்மர் 35 வயதிலும் 45 வயதிலும் சோதிக்கப்பட வேண்டும். பத்துக்கும் எழுபதுக்கும் உள்ள தொலைவை மாணவரே அளந்துகொள்க.

காடிச் சோதனைக்கு எல்லைகளும் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்டிர்க்கு அவ்வணு மாறும் எல்லை உட்புறமாகச் சுருங்கிவிடுதலின் கண்ணுக்குப் புலப்படாது. நோக்குவார் கண்ணைப் பொறுத்து விடை வேறுபடுதலும் உண்டு. இதனினும் கூரியது, வைரசையே தேடும் சோதனை. மகாராட்டிரத்தில் பார்சி என்னும் ஊரை மையமாகக் கொண்டு உசுமானாபாத்து மாவட்டத்தில் 1,31,000-க்கு மேற்பட்ட பெண்டிரிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. வைரசுச் சோதனையை ஒரே ஒருமுறை செய்த பகுதியில் இந்நோய்ச் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. இச்சோதனைக்கு எம் மனத்தில் தனி மதிப்பு உண்டு. காரணம் அதன் கூர்மை மட்டுமன்று. சிறு தூரிகை போன்ற ஒரு குச்சியால் பெண் தானே, தன் வீட்டுக் குளியலறையில், எவர் கண்ணும் படாமல், வேண்டிய துளியை எடுத்துக் கொடுத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனமும் இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. விலை இன்னும் மிகுதி. நாணத்தைக் கடிந்து பயனில்லை. நாணத்தோடு உடன்பட்டுச் செல்லும் வழியொன்று கிடைத்திருக்க, அதனை மலிவாக்குதலே செய்யத்தக்கது.

தடுப்பூசியைப் பற்றிச் சுருங்கக் கூறி அமைவோம். 2006 முதல் அது வழக்கில் உளது. 9 முதல் 14 வயதுச் சிறுமியர்க்கு, வைரசு அணுகுமுன் இடின் மிக்க பயன் தரும். 2009-இல் இந்தியாவில் ஒன்பது மையங்களில் இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்னும் ஆய்வு தொடங்கிற்று. அம்பிளிக்கையும் அம்மையங்களுள் ஒன்று. ஆந்திரத்திலும் குசராத்திலும் நடந்த வேறொரு திட்டத்தைப் பற்றிய பூசலால் 2010-இல் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. அதனால் ஏறத்தாழ 5,000 சிறுமியர்க்கு ஒரே ஊசியோடு நின்றுவிட்டது. ஆண்டுகள் பல கழித்துப் பார்த்தபோது அவ்வொரு ஊசியே பெரும்பாலும் போதியதாயிருந்தது! தற்செயலாய்க் கிட்டிய அவ்வறிவும் துணைநிற்க, 2022-இல் ஓர் ஊசியும் போதுமென உலக சுகாதார நிறுவனம் ஒப்பியது. புனே நகரத்துச் சீரம் நிறுவனம் செய்த இந்தியத் தடுப்பூசி 2023-இல் விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டு அரசு 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பதினான்கு வயதுச் சிறுமியர்க்கு இதனை இலவசமாக இடுவதாக அறிவித்தது. ஆயினும், இன்று முப்பது வயதைக் கடந்துவிட்ட தாயர்க்கும் தமக்கையர்க்கும் ஊசி விடையாகாது. அவர்க்குச் சோதனையே வழி.

மீண்டும் குளத்தூர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தபோது, எழுத்தோடு மிதிவண்டியும் பெண்டிர்க்குக் கற்பிக்கப்பட்டது. கல்லுடைப்பவரும் களை பறிப்பவரும் புடவையை இடுப்பிற் செருகிக்கொண்டு மிதிவண்டியேறியபோது, ஆடவர் முதலில் நகைத்தனர். ஓரிரண்டாண்டில் நகைப்பு ஓய்ந்தது. எவரும் கருதாத செயலாயிற்று. எம் சிறிய தாயாரும் அக்காலத்தில் பழகியவரே. குடத்தைப் பின்னே கட்டிக்கொண்டு வருவார். பெண்டிர் தனித்தனியே துணியாததை ஐவராகச் சேர்ந்தால் துணிவர் என்பதை அன்று கண்டோம். இதனை நினைந்து, நம் கல்லூரியில் பயின்று செவிலியராகிய ஓர் அம்மையாரை ஊருக்கு அழைத்துச் சென்றோம். பொதுக்கூட்டம் ஒன்றும் கூட்டவில்லை; ஆடவரை அழைக்கவில்லை; யாமும் வெளித்திண்ணையிலேயே இருந்தோம். உள்ளே, எம் சிறிய தாயாரோடு வேலை செய்த பெண்டிர் பதினொருவர். செவிலியர் நோயின் பெயரைச் சொல்லுமுன் அவரவர் மகப்பேற்றுக் கதைகளைக் கேட்டாராம். ஒரு மணி நேரத்துக்குப் பின்னரே காடியைப் பற்றிப் பேச்சு வந்தது. "இம்புட்டுத்தானா? இதுக்கா அக்கா அப்படிக் கெடந்து செத்துச்சு?" என்று ஒருத்தி உரக்கக் கேட்டது திண்ணைவரை எமக்குக் கேட்டது.

அடுத்த செவ்வாயன்று அவருள் எழுவர் ஒரே வண்டியில் ஆரம்ப சுகாதார நிலையம் சென்றனர். ஒருத்திக்கு வெண்மை கண்டது. மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு, சிகிச்சை பெற்று, மறுவாரமே வேலைக்குச் சென்றாள். எம் சிறிய தாயாரின் மகளிர் இருவருள் மூத்தவளும் அன்று சென்று வந்தாள். இளையவளுக்கு வயது முப்பத்து நான்கு. பொங்கல் கழியட்டும் என்கிறாள்.